‘கொதிக்க விட்டு இறக்கவும்’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி எட்டு மணி இருக்கும். பக்கத்து ஃப்ளாட் பெண்மணி கையில் ஒரு பாத்திரத்தோடு கதவைத் தட்டினார். ‘‘சார், நீங்க நல்லா சமைப்பீங்கன்னு மேடம் சொன்னாங்க. இதை ஏதாவது பண்ண முடியுமா, பாருங்களேன்.’’

மூடியைத் திறந்தேன். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. கீழே நீர்த்துப்போன பால். அதில் மணல் மணலாக ஏதோ ஒன்று. கரண்டியை விட்டால் அடியில் ரப்பர் பந்து மாதிரி தட்டுப்பட்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அது 200 கிராம் செடார் சீஸ். மகளுக்குப் பிறந்தநாளாம். க்ரீமியாக சீஸ் சூப் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அம்மாவும் சூப்பர் மார்க்கெட்டில் விலையைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, பரவாயில்லை என்று வாங்கி வந்து செய்திருக்கிறார்.

வீட்டில் என்ன சொன்னார்களாம்? கணவர்: ‘‘ஹோட்டல்லயே வாங்கிடலாம்னு அப்பவே சொன்னேன்.’’ மாமியார்: ‘‘பால் பழசா இருந்திருக்கும். பார்த்து வாங்கணும்.’’ மகள் ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் ரொம்ப வலித்தது என்றார்.

‘‘எதைப் பார்த்து செஞ்சீங்க?’’ என்று கேட்டேன். செல்போனில் காட்டினார். பொருட்கள் பட்டியலில் ‘சீஸ் - 1 கப்’ என்று இருந்தது. செய்முறையின் கடைசி வரி: ‘துருவிய சீஸைச் சேர்த்து, நன்றாகக் கொதிக்க விட்டு இறக்கவும்.’

ஆக, அந்தப் பெண்மணி ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதை அப்படியே செய்தார். சொன்னவர்தான் தப்பு. ஆனால் திட்டு யாருக்கு விழுந்தது, பார்த்தீர்களா?

இந்த நாட்டில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களைப் போல சௌகரியமான ஆசாமிகள் வேறு யாரும் கிடையாது. மருந்தைத் தப்பாக எழுதிக்கொடுத்தால் டாக்டர் மேல் கேஸ் போடலாம். கட்டடம் இடிந்தால் இன்ஜினீயரைப் பிடிக்கலாம். குறிப்பு தப்பாக இருந்தால்? ‘உனக்குக் கை வாகு இல்லை’ என்று சமைத்தவள் தலையில் கட்டிவிடலாம். 30 வகை சூப், 30 வகை பொரியல் என்று இலவச இணைப்புகள் போட்ட எல்லாப் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. நான் எழுதும் இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆசிரியர் இந்த வரியை வெட்டினால் வெட்டட்டும்.

இப்போது வீடியோக்காரர்கள் வந்துவிட்டார்கள். இவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். தளதளவென்று கொதிக்கிற பாலில் சீஸைக் கொட்டுகிறார். கட். அடுத்த ஷாட்டில் பளபளவென்று சூப், மேலே ஒரு கொத்துமல்லித் தழை. அந்த ‘கட்’டுக்கு நடுவில் என்ன நடந்தது? அதைச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் நம் வீட்டு அடுப்பில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும், 200 கிராம் சீஸைக் காவு கொடுத்து.

நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். சீஸ் என்பது பாலின் புரதம் ஒரு வலை மாதிரி பின்னிக்கொண்டு, உள்ளே கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும் சமாச்சாரம். வலையின் முடிச்சுகளை இறுக்கி வைத்திருப்பது கால்சியம். இதமான சூட்டில் வலை தளரும், சீஸ் உருகும். சூடு எல்லை மீறினால் தளர்ந்த வலை மறுபடி சுருங்கி இறுகிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, உள்ளே இருந்த எண்ணெயும் தண்ணீரும் வெளியே வந்துவிடும். மிச்சம்தான் அந்த ரப்பர் பந்து. கொதிநிலை வரைக்கும் போகவே வேண்டாம், அதற்கு வெகு முன்பே இந்தக் கூத்து நடக்கும். ‘நன்றாகக் கொதிக்க விட்டு’ என்பது, ‘நன்றாகத் திரியவிட்டு’ என்பதற்கு இன்னொரு பெயர்.

இது நமக்குத் தெரியாத வித்தையா? மோர்க்குழம்பு வைக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ‘‘கொதிக்க விட்டுடாதே, நுரை கட்டினதும் இறக்கிடு’’ என்பார்கள். ஊறவைத்த துவரம்பருப்போ அரிசியோ தேங்காயோடு அரைத்து எதற்கு ஊற்றுகிறோம்? கெட்டியாக மட்டுமா? மோர் திரியாமல் இருக்கவும்தான். மாவுச்சத்து நடுவில் புகுந்துகொண்டு, புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுக்கிறது. பாட்டிக்குப் புரதம், கால்சியம் எல்லாம் தெரியாது. ஆனால் எப்போது இறக்க வேண்டும் என்ற அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்தாள், ‘நுரை கட்டினதும்’ என்று. சமையல் நிபுணர்களுக்கு எல்லாம் தெரியும். அடையாளத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சீஸ் சூப்பில் துவரம்பருப்பு செய்கிற வேலையை மைதா செய்கிறது. வெள்ளைக்காரன் வெண்ணெயில் மைதாவை வறுப்பது கெட்டித்தன்மைக்காக மட்டுமல்ல. அது சீஸுக்குக் காவல். அந்தக் காவல் எத்தனை பலமாக இருந்தாலும், கொதிக்கிற சூப்பில் கொட்டினால் தாங்காது.

அடுத்த குற்றம், அந்த ‘சீஸ் - 1 கப்’. எந்த சீஸ்? ‘பருப்பு - 1 கப்’ என்று எழுதிவிட்டு, துவரம்பருப்பா, கடலைப்பருப்பா, உளுத்தம்பருப்பா என்று சொல்லாமல் விட்டால் யாராவது சாம்பார் வைக்க முடியுமா? சீஸ் என்றால் மட்டும் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் செடார் என்ற கிராமத்தின் பெயரைத் தாங்கி வந்த செடார் ஒரு ஜாதி. இத்தாலியிலிருந்து வந்து பீட்சா மேல் படுத்துக்கொண்டிருக்கும் மொஸரெல்லா வேறு ஜாதி. அதை சூப்பில் போட்டால் ஸ்பூனோடு ஒரு முழம் நூல் வரும். நம் ஃப்ரிட்ஜில் வெள்ளித்தாள் சுற்றி உட்கார்ந்திருக்கும் க்யூப், அதாவது ப்ராசஸ்டு சீஸ், மூன்றாவது ஜாதி.

இந்த க்யூபைப் பற்றி ஒரு வார்த்தை. விஷயம் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த இளக்காரம் கிடையாது. 1911-ல் ஸ்விட்சர்லாந்தின் டூன் நகரத்தில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஷ்டெட்லர் என்ற இருவர் எமென்டால் சீஸை சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கிப் பார்த்தார்கள். வெயில் தேசங்களுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்பது அவர்கள் கவலை. அந்த உப்பு, வலையை இறுக்கும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணெய் பிரியாமல் வழவழவென்று உருகும் சீஸ் கிடைத்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-ல் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கி, அதை உலகம் முழுக்கக் கொண்டு போனார். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எமல்சிஃபையர் 331 என்றோ 339 என்றோ போட்டிருக்கும். 331 சிட்ரேட் குடும்பம், 339 பாஸ்பேட் குடும்பம். அதனால்தான் க்யூப் போட்டவர்களுக்கு சூப் பெரும்பாலும் திரிவதில்லை. வீடியோவில் கொதிக்க வைத்தும் திரியாமல் போனதன் ரகசியம் ஒருவேளை இதுவாகவும் இருக்கலாம். அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? நல்ல சீஸாகப் போடுவோம் என்று ஆசையாகக் காசைக் கொட்டி செடார் வாங்கினவர்தான் மாட்டிக்கொண்டார்.

‘எதுக்கு இந்த சீஸ் சூப் எல்லாம், பேசாம ரசம் குடிச்சிட்டுப் போங்களேன்’ என்று சிலர் கிளம்புவீர்கள். குடியுங்கள், நானும் குடிக்கிறேன். நம் மிளகுத் தண்ணியைக் கொண்டுபோய், அதில் கறியையும் போட்டு, முல்லிகட்டானி சூப் என்று மெனுவில் ஏற்றிக்கொண்டான் இங்கிலீஷ்காரன். அவன் செடாரை நாம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

இன்னொரு கூட்டம், சூப் என்றாலே உடம்புக்கு நல்லது என்று நம்புகிற கூட்டம். ஐயா, 100 கிராம் செடாரில் சுமார் 400 கலோரி இருக்கிறது. கொழுப்பும் உப்பும் தாராளம். இது விருந்துச் சாப்பாடு. அமெரிக்காவில் பால் பண்ணைகளுக்குப் பேர்போன விஸ்கான்சின் மாநிலத்தில், ரோடெல்லாம் பனி மூடிக்கிடக்கும்போது பீர் கூட ஊற்றிச் செய்து சாப்பிடுகிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் தினமும் குடிப்பதற்கு உரியதல்ல.

சரி, திட்டியது போதும். செய்கிற விதத்தைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன். நாலு பேருக்கு. அடி கனமான பாத்திரத்தில் 3 டேபிள்ஸ்பூன் வெண்ணெய். பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம், ஒரு கேரட், இரண்டு பல் பூண்டு. சின்னத் தீயில், நிறம் மாறாமல் குழைய வதக்குங்கள். 3 டேபிள்ஸ்பூன் மைதாவைத் தூவி இரண்டு நிமிஷம் கிளறுங்கள். பச்சை வாசனை போய் பிஸ்கட் வாசனை லேசாக வரும், சிவக்கக் கூடாது. காய் வேகவைத்த தண்ணீர் ஒரு கப், பால் இரண்டு கப். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்க வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் உருண்டை உருண்டையாக நிற்கும். கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம், அது சீக்கிரம் திரியும். தக்காளி பக்கமே போகாதீர்கள். இப்போது, சீஸ் போடுவதற்கு முன்னால், கொதிக்க விடுங்கள். மைதா வேக வேண்டுமே. ஐந்தாறு நிமிஷம் சிம்மில் கொதித்து, கரண்டியின் பின்பக்கம் பூசினாற்போல் ஒட்டும். விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும். வழவழப்பாக வேண்டுமென்றால் இந்தக் கட்டத்திலேயே மத்தால் மசித்துக்கொள்ளலாம்.

அடுப்பை அணையுங்கள். சிம் இல்லை, அணையுங்கள். நம் கேஸ் அடுப்பின் சிம் கூட சீஸுக்கு அதிகம். பாத்திரத்தை இறக்கி வைத்து இரண்டு நிமிஷம் போகட்டும். 150 கிராம் செடாரை வீட்டிலேயே துருவிக்கொள்ளுங்கள். துருவியே விற்கும் பாக்கெட்டில், ஒட்டாமல் இருப்பதற்காக மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். சூப்பில் அது சொரசொரக்கும். ஒரு கைப்பிடி போடுங்கள், கலக்குங்கள், கரைந்ததா பாருங்கள், அப்புறம் அடுத்த கைப்பிடி. மிளகுத்தூள், இருந்தால் ஒரு சிட்டிகை கடுகுப்பொடி. உப்பை ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும், சீஸிலேயே நிறைய இருக்கிறது.

அந்த ராத்திரி பாத்திரத்தில் இருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை. ஆறவைத்து மிக்ஸியில் ஓட்டிப் பார்த்தோம். எண்ணெய் கொஞ்சம் சேர்ந்தது, மணல் மணலாகவே இருந்தது. அடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணி மறுபடி செய்தார். நான் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கிண்ணம் வந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. மகள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாளாம். கணவர், ‘‘பரவாயில்லையே’’ என்றாராம்.

திங்கட்கிழமை ராத்திரி மறுபடி கதவு தட்டும் சத்தம். அதே பாத்திரம், மேலே அதே மஞ்சள் எண்ணெய். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், முகமெல்லாம் சிரிப்பாக: ‘‘மிச்சம் இருந்ததைச் சூடு பண்றேன்னு பெரிய பர்னர்ல வெச்சுட்டு டி.வி. பார்க்கப் போயிட்டார் சார். இந்தத் தடவை திரிய வெச்சது அவர்!’’