நூற்றைம்பதில் ஒன்று

கருவுற்ற தாய்மார் கையில் இன்று தரப்படும் சோதனைத் தாள்களைப் பற்றி நாம் சில சொல்ல வேண்டியிருக்கின்றது. தாள் ஆங்கிலத்தில் இருக்கின்றது. நடுவே 1:150 என்றோர் எண். பக்கத்திலே 'ஆபத்து மிகுதி' என்னும் பொருள்பட இரண்டு ஆங்கிலச் சொற்கள். இவற்றை விளக்குவாரில்லை. வைத்தியரைக் காணும் நாள் வரும்வரை அத்தாய் எத்தனை இரவுகள் உறங்காதிருப்பாள் என்பதை நமது சுகாதாரப் பகுதியார் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

அந்த எண் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பன்று. தாயின் வயது, 11 முதல் 14 வாரத்துள் எடுக்கும் ஸ்கானில் சிசுவின் பிடரியிற் காணும் நீரின் அளவு, தாயின் இரத்தத்திலுள்ள சில பொருள்கள் ஆகியவற்றைக் கூட்டிப் போட்ட கணக்கு அது. அத்தகைய தாய்மார் நூற்றைம்பது பேரை வரிசையில் நிறுத்தினால், 149 பேரின் பிள்ளைகளுக்கு டவுன் நிலை இராது. ஒருவருடைய பிள்ளைக்கு இருக்கும். 'ஆபத்து மிகுதி' என்னும் எல்லைக்கோடும் இயற்கை இட்டதன்று. பிரித்தானியாவில் அது நூற்றைம்பதில் ஒன்று என வைத்திருக்கிறார்கள். வேறு நாடுகளில் வேறு எண். கோட்டுக்கு இப்பால் 151 வந்தவள் நிம்மதியாக வீடு செல்கிறாள். 149 வந்தவள் அழுதுகொண்டு செல்கிறாள். இருவர் நிலைக்குமிடையே உள்ள வேற்றுமைதான் என்ன?

அரிதட்டில் மா அரிப்பது போன்றதே இச்சோதனை. மேலே தங்கியதெல்லாம் கல் என்று எவரும் கொள்வதில்லையே! ஆயிரம் பேரைச் சோதித்தால் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஐயம் எழும்; அவர்களுள் ஓரிருவர் பிள்ளைகளுக்கே உண்மையில் அந்நிலை இருக்கும். மற்றையோர் அனைவரும் வீணாகக் கலங்கியவர்கள்.

இதனினும் நுண்ணிய சோதனை இப்போது வந்துவிட்டது. சிசுவின் மரபணுத் துணுக்குகள் தாயின் இரத்தத்தில் மிதக்கின்றன என்பதை 1997ஆம் ஆண்டில் டெனிஸ் லோவும் அவர் கூட்டாளிகளும் காட்டினர். 2011இல் அது விற்பனைச் சரக்காயிற்று. டவுன் நிலையை அறிவதில் அது திறமானது என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் அத்துணுக்குகள் சூல்வித்தகத்திலிருந்து வருவன. சூல்வித்தகமும் பிள்ளையும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. சில வேளை துணுக்குகள் போதாமையால் 'முடிவு இல்லை' என்றே தாள் வரும். அரிய நோய்களை எடுத்துக்கொண்டாலோ கணக்கே தலைகீழாகி விடுகின்றது. பதினாயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வரும் நோயொன்றை, ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டுமே பிழைக்கும் சோதனையால் தேடுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையான ஒருத்திக்குப் பத்துப் பேர் பொய்யாக அச்சுறுத்தப்படுவர்! 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே இது குறித்து மக்களை எச்சரித்தது. விற்போர் தரும் விளம்பரங்களிற் காணும் 99 சதவீதத்தைப் பார்த்து மயங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

ஐயத்தைத் தீர்க்க வழி இல்லாமலில்லை. 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்கலாம். அதனாற் கருச்சிதைவு நேர்வது இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. முழு முடிவு வர இரு வாரமளவில் ஆகும். அந்த இரு வாரமும் அவளுக்குத் துணை யார்? புருஷன் அறியான். மாமியார் கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்பார். தாய் உண்டதாலோ, வேலை செய்ததாலோ, பார்த்ததாலோ நிறமூர்த்தம் ஒன்று மிகுவதில்லை என்பதை அந்த வீட்டிலே போய்ச் சொல்ல ஆள் வேண்டாமா?

'அறிந்து என்ன பயன்? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க இடந்தரவில்லையே' என்று கேட்போர் உண்டு. பிறந்தும் வாழமாட்டாத சிசுக்களின் பொருட்டேனும் இதனைத் திருத்த 2017இல் அமைச்சரவை முன்வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. அத்திருத்தத்தை நாட்டின் முன் வைத்து வாதிடும் துணிவுகூட இல்லாத பாராளுமன்றம் தாய்மாரைத் தனியே விட்டுவிட்டது என்பதே நமது கருத்து. ஆயினும் அறிவதால் வேறு பயனும் உண்டு. டவுன் நிலையிற் பிறக்கும் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் குறை உண்டு. முன்னரே தெரிந்தால், பிரசவம் எங்கே நிகழவேண்டும், பிள்ளையை எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதை ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். முல்லைத்தீவிலோ மஸ்கெலியாவிலோ இருக்கும் தாய்க்கு அது சிறு காரியமா? சோதனையே வேண்டாம் என்பாள் ஒருத்தி. அதுவும் அவள் உரிமையே. ஆனால் எதை வேண்டாமென்கிறாள் என்பது அவளுக்கு விளங்கியிருத்தல் வேண்டும்.

இந்நாட்டின் மருத்துவமாதர் வீடுதோறும் நடந்து தாய்மாரையும் சேய்களையும் காத்த பெருமை உலகறிந்தது. அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லும் பயிற்சியைக் கொடுப்பதற்குக் கோடி கோடியாகப் பணம் தேவையில்லை. பெரும்பாலும் தனியாரிடமே காசு கொடுத்துச் செய்யப்படும் இச்சோதனைகளுக்கு, இரத்தம் எடுக்கு முன்னரே விளக்கம் தரவேண்டுமென ஒரு விதி செய்யலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்கிறது. சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தாய்க்கும் அத்தாள் ஒருங்கே அந்நிய மொழியில் இருப்பது ஏன்? சுகாதார அமைச்சர் இதற்கு விடை கூறட்டும். 'நூற்றைம்பதில் ஒன்று' என்பதன் கீழே, 'நூற்றைம்பதில் 149 பிள்ளைகளுக்கு இந்நிலை இராது' என்று அவளுடைய மொழியில் ஒரு வரி அச்சிட எத்தனை ஆண்டு வேண்டும்?