இரட்டைச் சீட்டு: எங்கள் நிலைப்பாடு

சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பகுதிகளில் டிஜிட்டல் சீட்டாட்டம் ஆடுவோர் சேர்ந்து நடத்தும் சிறு குழு நாங்கள். பணம் வைத்து ஆடுவதில்லை. ஒரு கட்டில் ஒரே சீட்டின் காப்பிகளை எத்தனை வரை விடலாம் என்ற கேள்வி ஒவ்வொரு போட்டியிலும் வாக்குவாதத்தில் முடிகிறது. எனவே எங்கள் முடிவையும் காரணங்களையும் பொதுவில் வைக்கிறோம்.

ஒரு சீட்டு இரண்டு தடவை வருவது குற்றமில்லை. அது இன்னும் எத்தனை தடவை வரும் என்று எதிரே இருப்பவரால் எண்ண முடியாமல் போவதே குற்றம். எங்கள் விதிகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

ரம்மி மேசை சொல்லும் பாடம்

பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டு சேர்க்கிறோம். இஸ்பேடு ராணி இரண்டு உண்டு. ஒன்று கீழே விழுந்தால் மிச்சம் ஒன்றுதான் என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். செட் சேர்க்கும்போது இரண்டு இஸ்பேடு ராணியையும் ஒன்றாக வைக்க முடியாது. கேரளத்தில் ஆடும் 'ஐம்பத்தாறு' என்ற சீட்டாட்டத்திலும் ஒவ்வொரு சீட்டும் இரண்டு. ஒரே சீட்டு இரண்டும் ஒரே சுற்றில் விழுந்தால் முதலில் போட்டதற்கே மதிப்பு. இரட்டைச் சீட்டைப் பெரியவர்கள் விலக்கவில்லை; அதற்கு எண்ணிக்கையும் விதியும் வைத்தார்கள்.

1967-ல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்யநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது. எண்ண முடிந்தால்தானே நினைவுக்கு வேலை?

டிஜிட்டலில் என்ன மாறியது

காகிதச் சீட்டு நடு ஆட்டத்தில் குட்டி போடாது. திரையில் போடும். ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் கட்டுக்கு 30 சீட்டு. ஒரே சீட்டு இரண்டு வரை, லெஜண்டரி என்ற அரிய வகை என்றால் ஒன்று மட்டும். ஆனால் 2017 ஏப்ரலில் வந்த 'தி கேவர்ன்ஸ் பிலோ' என்ற சீட்டு, ஒரே பெயருள்ள வீரனை நான்கு தடவை இறக்கினால் அதன் பிறகு அந்த ஆட்டக்காரரின் வீரர்கள் அத்தனை பேரையும் 5/5 (தாக்குதல் 5, உயிர் 5) ஆக்கியது. களத்தில் போட்டதைக் கைக்குத் திருப்பி மறுபடி போடுவது, ஆட்டத்துக்குள்ளேயே புதுக் காப்பி எடுப்பது என்று வழிகள் இருந்ததால் இரண்டு என்ற வரம்பு காகிதத்தோடு நின்றுவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் நான்கை ஐந்தாக்கினார்கள். போதவில்லை, 2018 மே மாதம் 5/5-ஐ 4/4 ஆகக் குறைத்தார்கள். வரம்பைக் கட்டில் மட்டும் வைத்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லாம் ஒற்றையாக இருந்தால் என்ன?

எங்களுக்குள்ளேயே சிலர் இதைக் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 30 சீட்டுக் கட்டில் ஒரு சீட்டு ஒன்றுதான் என்றால், முதல் எட்டுச் சீட்டுக்குள் அது கைக்கு வர வாய்ப்பு சுமார் 27 சதவீதம். இரண்டு இருந்தால் 47 சதவீதம். ஒற்றை மட்டுமே என்று விதித்தால், தான் திட்டமிட்ட சீட்டைப் பார்க்காமலே தோற்பவர்கள் கூடுவார்கள். திறமையின் இடத்தில் அதிர்ஷ்டம் உட்காரும். மார்வெல் ஸ்னாப் என்ற ஆட்டம் ஒற்றைச் சீட்டில் நன்றாக ஓடுகிறதே என்பார்கள். அங்கே கட்டே 12 சீட்டுதான். ஆறாவது முறைக்குள் ஒன்பது சீட்டு கைக்கு வந்துவிடும், அதாவது 75 சதவீதம். கட்டின் அளவைப் பார்க்காமல் காப்பி வரம்பைப் பேசுவதில் பொருளில்லை.

எங்கள் விதிகள்

1. கட்டில் எத்தனை காப்பி என்பதற்கு, 3-ஆம் விதியில் வருபவை தவிர, அந்தந்த ஆட்டத்தின் சொந்த வரம்பே பொருந்தும். எல்லாச் சீட்டும் ஒற்றையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்க மாட்டோம்.

2. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் முழுக் கட்டின் பட்டியலையும் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும்.

3. நடு ஆட்டத்தில் காப்பி உண்டாக்கும் சீட்டும், ஒரே பெயர் திரும்ப வருவதற்குப் பலன் தரும் சீட்டும் கட்டுக்கு ஒன்றுதான். ஆட்டத்தின் சொந்த வரம்பே ஏற்கெனவே ஒன்றுதான் என்றால், ஒருவர் கொண்டுவரும் கட்டுகளில் ஏதேனும் ஒன்றில் மட்டும். முழுத் தடை கடைசி வழி.

4. கிளாஷ் ராயல் போன்ற ஆட்டங்களில் கட்டில் எட்டுச் சீட்டும் வேறு வேறுதான். ஆனால் ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால் அதன் பலம் ஏறும். காசு கொடுத்தால் சீக்கிரம் சேரும். எனவே எல்லோருடைய சீட்டுக்கும் ஒரே பலம் இல்லாத முறையில் போட்டி நடத்த மாட்டோம்.

5. போட்டித் தொடர் தொடங்கியபின் விதி மாறாது. மாற்றம் அடுத்த தொடருக்கே. காரணம் எழுத்தில் தரப்படும்.

சொல்லப்படும் எதிர்ப்புகள்

"கம்பெனியே திருத்தும், நீங்கள் ஏன்?" என்கிறார்கள். மேலே சொன்ன சீட்டுக்கு முதல் திருத்தம் வரவே மூன்று மாதம் ஆனது. ஊர்ப் போட்டி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். "பாடுபட்டுச் சேர்த்த சீட்டைத் தடுத்தால் அந்தப் பையன் என்ன செய்வான்?" என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் தடையைக் கடைசியில் வைத்தோம். திடீர் மாற்றத்தையும் விலக்கினோம்.

இது வெறும் பொழுதுபோக்குச் சண்டை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்த ஹார்த்ஸ்டோனில் குஜராத்தின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் தடைசெய்த 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. விளையாட்டு என்ற பெயர் வேண்டுமென்றால் விளையாட்டுக்குரிய விதியும் வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இத்தகைய போட்டி நடத்தும் கல்லூரிகள், மன்றங்கள், நண்பர் குழுக்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்: எங்கள் விதிகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு சீட்டு எத்தனை தடவை வரலாம் என்பதை மட்டும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.