அடுத்த ஏற்காடு யாருக்கு?

"கல்வராயன் மலைதான் அடுத்த ஏற்காடு. இப்பவே ஒரு ஏக்கர் வாங்கிப் போடு மச்சி." கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானதிலிருந்து என் ஐடி நண்பர்கள் வட்டத்தில் ஓயாத பேச்சு இது. கூடவே மேகம் அருவிப் படங்கள்.

சரி, அந்த ஏக்கர் இப்போது யாருடையது?

மலையாளிப் பழங்குடிகளின் இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. இம்மக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1996இல்தான் என்று, 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் தானாக வழக்கெடுத்த சென்னை உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல். உரிமை இவ்வளவு மெதுவாக ஏறிய மலையில் பத்திரம் மட்டும் ஓடி ஏற வேண்டுமா?

ஆந்திராவின் பட்டியல் பகுதிகளில் பழங்குடி நிலத்தை வெளியாள் வாங்க முடியாது. 1970இலேயே சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலோ ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது.

"நல்ல விலை கொடுத்துதானே வாங்குறோம்?" என்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்பவர் எந்த பலத்தில் பேரம் பேசுவார்? சாமையும் மரவள்ளியும் விளைந்த காட்டில் ரிசார்ட் எழும்பும். பழைய சொந்தக்காரர் அதன் வாசலில் வாட்ச்மேன். அதற்கு நாம் வைக்கும் பெயர் வேலைவாய்ப்பு.

மலை பிடித்திருக்கிறதா? தாராளமாகப் போங்கள். அருவியில் குளியுங்கள், வெள்ளிமலைக் கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். ரசிப்பதற்குப் பட்டா தேவையில்லை.