கூலிப்பாதைக்கு ஒரு பலகை

இலங்கை மலையகத்தில் 300 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரு நடைபாதை திறக்கப்பட்டிருக்கிறது. பெயர் பீக்கோ டிரெயில். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்டும் பணம் கொடுத்தன. பெரும்பாலும் நடப்பவர்களுக்கானது, சில இடங்களில் சைக்கிளும் போகும். பீக்கோ என்பது தேயிலையில் ஒரு தரத்தின் பெயர். பறித்த கையை விட்டுவிட்டு, பறித்த இலையின் பெயரைப் பாதைக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாதையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இது பாதிப் பாதை என்கிறேன். மீதிப் பாதி தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, சுமார் 250 கிலோமீட்டர், குறியீடு எதுவும் இல்லாமல் கிடக்கிறது.

1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்து, 'கண்டிச் சீமை'க்குப் போன நம் மக்கள் தோணியில் மன்னார் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்தார்கள். தண்ணீர் இல்லாத வறண்ட காடு. காலராவிலும் அம்மையிலும் பசியிலும் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். கூட்டிப்போன கங்காணிகளில் பலர் மேலே இருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் லயங்கள் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன. கடலைத் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்த லயங்களின் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடந்து வந்தவர்களுக்கு அதன் பிறகு நடக்க உரிமை இல்லை. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, அறிவிப்பு கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற 'துண்டு' வேண்டும். கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. கடனைத் தீர்க்காமல் கால் நகராது. அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. என் தாத்தாவின் ஊரில், சேரிக்காரர் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். துண்டு முறையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: உன் காலை எங்கே வைக்கலாம் என்று யார் தீர்மானிப்பது?

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பாதை என்று பேசும்போது இன்னொரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட விடாமல் தடுத்தது. தோட்டத்துச் சாலை தோட்டத்தின் சொத்தாம். தோட்டத்து மக்கள் ஓட்டுப் போடலாம், சபைக்கு ஆளையும் அனுப்பலாம், தங்கள் லயத்துக்குப் போகும் ரோட்டுக்கு மட்டும் ஒரு வண்டி கல் கேட்க முடியாது! இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆக, இன்று வெளிநாட்டுப் பயணி முதுகில் பையோடு ரசித்து நடக்கும் தோட்டத்துப் பாதை, அங்கேயே பிறந்தவர்களுக்குக் காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பாதை. 2021இல் போராடி வாங்கிய நாட்கூலி 1,000 ரூபாய், 2024இல் 1,350. இலங்கை ரூபாய் என்பதை மறந்துவிடக் கூடாது.

2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை முன்வைத்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை இறுதியில் கிளம்பி ஆகஸ்ட்டில் போய்ச் சேர்ந்தார்கள். மூதாதையர் நடந்த வழியை நடந்து, நிலமும் வீடும் சமமான குடியுரிமையும் கேட்டார்கள்.

அந்த நடையை நிரந்தரப் பாதையாக்கலாம். இன்றைய ஏ14, ஏ9 சாலைகளை ஒட்டித்தான் வழி. மாத்தளை நெருங்கும் வரை பெரும்பாலும் சமவெளி, சைக்கிளுக்கு ஏற்றது. மாத்தளையிலிருந்து கண்டி பக்கம்தான். அங்கே பீக்கோ பாதையோடு இணைத்துவிட்டால், மேற்குக் கடற்கரையிலிருந்து மலை உச்சி வரை நாட்டைக் கடக்கும் ஒரே தடம் கிடைக்கும். பலகைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். எங்கே தங்கினார்கள், எங்கே செத்தார்கள் என்பது அதில் இருக்கட்டும். 'கடின உழைப்பாளிகள்' என்று மொத்தமாகப் பாராட்டி முடித்துவிடாமல், எந்தச் சாதிகள், எந்தக் கடனால், யார் கூட்டிவந்து என்பதும் இருக்கட்டும். மலையகத்தின் உள்ளேயே சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். 'இப்போது எதற்கு அதைக் கிளற வேண்டும்?' என்பார்கள். நம் ஊரில் கேட்டுப் பழகிய கேள்விதானே.

வழிகாட்டி வேலையும் தங்கும் அறை வருமானமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும். அதற்கு வீடும் நிலமும் அவர்கள் பெயரில் இருக்க வேண்டும். கம்பெனியின் கட்டுப்பாட்டில் உள்ள லயத்தில் இருப்பவர் யாருக்கு அறை வாடகைக்கு விடுவார்? பட்டா இல்லாமல் இந்தப் பாதை வந்தால் லாபம் ஹோட்டல்காரருக்குத்தான்.

பணம் எங்கே என்று கேட்கலாம். யுஎஸ்எய்ட் 2025இல் மூடப்பட்டுவிட்டது. தலைமன்னார் கரையில் முதல் பலகையை நட அவ்வளவு பெரிய பணம் தேவையில்லை. அதில் என்ன எழுதுவது என்று 2023இல் நடந்தவர்களை முதலில் கேட்கலாம்.