ஊரைத் தாண்டிப் போகாதீர்கள், நின்று போங்கள்



பொங்கலுக்கும் ஆடி வெள்ளிக்கும் ஊருக்கு வருகிறீர்கள். வந்த மறுநாளே ஏலகிரி, ஏற்காடு, புதுச்சேரி என்று கார் கிளம்பிவிடுகிறது. போய்வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை இரண்டே நாள் ஒதுக்கி, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, நம்மைச் சுற்றியுள்ள சின்ன ஊர்களுக்கு ஒரு வண்டி எடுத்துப் போங்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் நால்வர் சென்ற தை மாதம் ஒரு வேன் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். ஆரணி, தேவிகாபுரம், திருமலை, போளூர், சந்தவாசல், கடைசியில் நம் படவேடு. ஆயுள் முழுக்கப் பேருந்தில் கடந்துபோன ஊர்கள்தான். இறங்கி நடந்தபோதுதான் அவை ஊராகத் தெரிந்தன.

முதலில் திருமலை. ஆரணியிலிருந்து போளூர் போகும் சாலையில் வடமாதிமங்கலம் பக்கம் உள்ள சமணத் தலம். பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 50 அடி உயரம் நிற்கிறார். தமிழ்நாட்டில் இதைவிட உயரமான சமணச் சிற்பம் இல்லை. இராசராசனின் தமக்கை குந்தவை பெயரால் அங்கே ஒரு ஜினாலயம் இருக்கிறது. இராசேந்திர சோழனின் கங்கை வெற்றியைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் அங்கேதான். கங்கைகொண்ட சோழன் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, அதற்கான சான்று நம் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. நாங்கள் போன அன்று எங்களைத் தவிர அங்கே மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அடுத்து நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். படவேடு என்றால் எல்லோருக்கும் ரேணுகாம்பாள்தான் நினைவுக்கு வருவாள். பெயரைப் பிரித்துப் பாருங்கள்: படை, வீடு. சம்புவராயர்களின் தலைநகர் இது. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் தெற்கே மதுரைக்குப் படை நடத்துவதற்கு முன் இந்த நாட்டைத்தான் வென்றான். இங்குள்ள யோக ராமர் கோயிலில் இராமர் கையில் வில் இல்லை. அமர்ந்து உபதேசம் செய்கிறார், எதிரில் அனுமன் சுவடி படிக்கிறார். "நம்ம வகுப்பறை மாதிரியே இருக்கு வாத்தியாரே" என்றார் உடன்வந்த நண்பர். எத்தனை உறவினர்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு இதைப் பார்க்காமலே திரும்பியிருப்பீர்கள்!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரமே தறியோடு வாழ்ந்த ஊர்கள். ஓர் ஊரில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். குழித்தறியில் இருந்தவர் எழுந்து வந்து, "உட்காருங்க சார்" என்று பாயை விரித்தார். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். பாவு ஓட்டுவதும், தார் சுற்றுவதும், இழை அறுந்தால் பிணைப்பதும் வீட்டார் எல்லோருக்கும் சேர்ந்த வேலை. கூலி கணக்கில் வருவது ஒருவர் பெயருக்கு. அவர் மகன் தறியில் உட்காரவில்லை, செய்யாறு சிப்காட்டில் மாதச் சம்பளத்துக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "சார், கடையில பேரம் பேசறவங்க யாரும் தறியைப் பார்த்தவங்க இல்ல. பார்த்தவங்க பேரம் பேசறதில்ல."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நாலு பேர் காரில் வந்து பார்த்துவிட்டால் கைத்தறி பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கூலி உயர வேண்டும். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் நிற்காமல் நடைமுறைக்கு வர வேண்டும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவர்களைத் தடுக்க வேண்டும். ஆனால் இதையெல்லாம் யார் கேட்பார்கள்? தறிச் சத்தத்தை ஒரு முறையாவது காதால் கேட்டவர்கள்தான் கேட்பார்கள். பார்க்காத ஒன்றுக்காக யாரும் வாதாட மாட்டார்கள்.

"அந்த ஊர்களில் என்ன இருக்கிறது, கழிப்பறைகூட இல்லையே" என்று என் தங்கை மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. பெண்களையும் வயதானவர்களையும் அழைத்துப் போனால் முதல் கவலையே அதுதான், எங்களுக்கும் அதுவே பெரும் பாடாக இருந்தது. சுத்தமான கழிப்பறை, வழி காட்டும் பலகை, இரவு தங்க ஓர் அறை, இடைத்தரகர் இழுக்காமல் தறியைப் பார்க்க ஓர் ஏற்பாடு ஆகியவற்றை ஊராட்சியும் பேரூராட்சியும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் நினைத்தால் செய்ய முடியும். ஆனால் யாருமே வராத ஊருக்கு யார் செய்வார்கள்?

மெல்போர்னில் இருக்கும் உறவினர்களுக்கு பிரிம் என்ற ஊர் தெரிந்திருக்கும். விக்டோரியா மாநிலத்தில் கோதுமை விளையும் சின்னஞ்சிறு ஊர். பயன்படாமல் கிடந்த தானியக் குதிர்களின் மேல் 2016இல் ஓர் ஓவியர் விவசாயிகள் நால்வரின் உருவத்தை ஆள்உயரத்துக்குப் பல மடங்கு பெரிதாக வரைந்தார். நிற்காமல் போன கார்கள் நிற்கத் தொடங்கின. பக்கத்து ஊர்களும் தங்கள் குதிர்களில் வரையச் செய்தன. இன்று அந்த ஊர்களை இணைத்து ஒரு பயணப் பாதையே இருக்கிறது. அவர்கள் பழைய குதிரில் படம் வரைய வேண்டியிருந்தது. நமக்கு அந்த வேலைகூட இல்லை, நேமிநாதர் பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. போகும் இடத்தில் பெயரைக் கிறுக்காதீர்கள். நெசவாளர் வீட்டுக்குள் கேட்காமல் கைப்பேசியைத் தூக்காதீர்கள், அது காட்சிசாலை அல்ல, அவர்கள் குடியிருக்கும் வீடு. டீ, சாப்பாடு, களம்பூர் அரிசி, முடிந்தால் ஒரு சேலை என்று கொஞ்சம் பணத்தை அந்த ஊரிலேயே செலவு செய்யுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். தாத்தா ஊர் என்றால் கோயிலும் வெயிலும் மட்டும்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற ஆடிக்கு வருபவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேனில் இடம் போதாவிட்டால் இரண்டு வேன் பிடிப்போம். வழிகாட்ட நான் தயார், முழங்கால்தான் கொஞ்சம் மெதுவாக வரும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
படவேடு