மெலனோமாவுக்குப் பிறகு தாய்மை: கேள்வியை முன்கூட்டியே கேட்போம்

தோல் புற்றுநோய்களில் எண்ணிக்கையில் குறைவானது மெலனோமா. உயிர்களைப் பறிப்பதில் முன்னிற்பதும் அதுதான். உடலெங்கும் பரவிய மெலனோமாவுக்கு 2010 வரை சொல்லிக்கொள்ளும்படி மருந்து கிடையாது. நோயாளிகளில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். அந்த நிலை இன்று மாறியிருக்கிறது. பிழைத்தெழும் இளம்பெண்கள் பலர், ‘நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?’ என்று கேட்கிறார்கள். அதற்கான பதிலைச் சிகிச்சை முடிந்த பிறகு தேடுவதுதான் இன்றைய பெரும் குறை.

புற்றுநோய் செல்களை எதிர்க்க வேண்டிய டி-செல்களுக்கு இயற்கையாகவே சில ‘பிரேக்’குகள் உண்டு. அவற்றை விடுவித்தால் உடலே நோயைத் தாக்கும் என்று கண்டறிந்த ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த வழியில் உருவான இபிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நோய் முற்றியவர்களுக்கு இபிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2024இல் வெளியாயின: 43% பேர் உயிரோடு இருந்தார்கள். மூளை வரை நோய் பரவியிருப்பதாக 2015இல் அறிவித்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், இவ்வகை மருந்தையும் பெற்று, நூறு வயதைக் கண்ட பிறகே மறைந்தார்.

இம்மருந்துகள் இப்போது நோய் முற்றியவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கட்டியை அறுவைசிகிச்சையில் அகற்றிய பிறகு, நோய் திரும்பாமலிருக்க ஓராண்டு வரை தரப்படுகின்றன. இப்படி மருந்து பெறுபவர்களில் ஒரு பகுதியினர் அறுவைசிகிச்சையாலேயே குணமாகியிருப்பார்கள். அவர்கள் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மறுபுறம், பிரேக் விடுபட்ட டி-செல்கள் தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகளையும் தாக்கக்கூடும். அந்தப் பாதிப்பு பெரும்பாலும் நிரந்தரம். பிட்யூட்டரி பழுதானால் மாதவிடாய் நிற்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டியிருக்கும். 30 வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் முதல் டிரிப் ஏற்றுவது அநீதி.

கர்ப்பம் மெலனோமாவைத் தூண்டிவிடும் என்று கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே மருத்துவர்கள் அஞ்சிவந்தார்கள். ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகள் உள்ளிட்ட பெரிய தரவுகள் அந்த அச்சத்தைப் பெரிதும் தணித்திருக்கின்றன. ஒரே நிலையில் நோய் கண்டறியப்பட்ட பெண்களை ஒப்பிட்டால், கர்ப்பிணிகளின் ஆயுள் குறைவதாகத் தெரியவில்லை. நிறமோ வடிவமோ மாறும் மச்சத்தை, ‘மாசமா இருக்கும்போது இப்படித்தான்’ என்று தள்ளிவிடுவதுதான் ஆபத்து. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மச்சத்தைக் கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பாக அகற்றலாம்.

அப்படியென்றால் எவ்வளவு காலம் காத்திருப்பது? முற்றிய கட்டிகள் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் என்பதால், அதுவரை பொறுக்கச் சொல்வது வழக்கம். ஆனால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே கொண்ட மெலனோமா அகற்றப்பட்டவரையும், நிணநீர்க் கணு வரை நோய் பரவியவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. வயது 38 ஆனவருக்கு மூன்று ஆண்டுக் காத்திருப்பு என்பது தாய்மையையே மறுப்பதாக முடியலாம்.

டி-செல்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. தாயின் எதிர்ப்பாற்றல் கருவைத் தாக்காமல் நஞ்சுக்கொடி காப்பதும் இதே பிரேக்கின் துணையால்தான். அதனால், கடைசி டோஸுக்குப் பிறகு பெம்ப்ரோலிசுமாப் என்றால் நான்கு மாதமும், நிவோலுமாப் என்றால் ஐந்து மாதமும் கருத்தடை அவசியம். மெலனோமாவுக்குத் தரப்படும் வேறொரு வகை மருந்தான டாப்ராபெனிப் மாத்திரையோ ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளின் பலனையே குறைத்துவிடும். இதை நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் இந்தச் சிக்கல்கள் குறையும். நம்மவர்களுக்கு மெலனோமா வந்தால் பாதத்திலும் நகத்தடியிலும் தோன்றுவது அதிகம். ஆணி என்றும் ஆறாத புண் என்றும் நாள் கடத்தி, தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகு வருபவர்கள் உண்டு. இவ்வகை மெலனோமா புதிய மருந்துகளுக்குக் குறைவாகவே கட்டுப்படுகிறது. எனவே, நம் ஊரில் பாதத்தைப் பார்ப்பதே முதல் சிகிச்சை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கருமுட்டைகளை எடுத்து உறையவைக்கச் சுமார் இரண்டு வாரம் போதும்; அதற்கான செலவைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதியாகவே அரசும் காப்பீடும் ஏற்க வேண்டும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் தொடக்கத்திலிருந்தே உடனிருக்க வேண்டும். மருந்து ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை என்பதால், சிகிச்சைக்குப் பின் தாயானவர்களின் விவரங்களைத் தொடர்ந்து பதிவு செய்தால்தான் அடுத்து வரும் பெண்ணுக்கு உறுதியான பதில் கிடைக்கும். ‘குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா?’ என்ற கேள்வி, சிகிச்சைப் படிவத்தில் ஒவ்வாமை பற்றிய கேள்விக்குப் பக்கத்திலேயே இடம்பெறட்டும்.