எல்லாவற்றையும் அழிக்காதீர்கள்

ஒரு கோப்பில் காலையிலிருந்து ஏகப்பட்ட வரிகளை மாற்றியிருக்கிறோம். பிழையைத் திருத்திய வரிகள் வேண்டும்; சோதிப்பதற்காக ஆங்காங்கே செருகிய பிரின்ட் வரிகள் வேண்டாம். இந்த நேரத்தில் பலர் மொத்தக் கோப்பையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, வேண்டியதை ஞாபகத்திலிருந்து மறுபடி தட்டுகிறார்கள். வீண் வேலை.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னலுக்காக உருவாக்கிய, கோப்பு மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில், கிளை மாறவும் கோப்பை மீட்கவும் நெடுங்காலம் ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளைதான் இருந்தது. அதன் பின்னால் ஒரு புள்ளி வைத்து என்டரைத் தட்டினால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் செய்த மாற்றங்களை ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துவிடும். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில்தான் ‘ஸ்விட்ச்’, ‘ரெஸ்டோர்’ என்று இரண்டு தனிக் கட்டளைகள் வந்தன. பழையதும் இன்னும் வேலை செய்கிறது. புதிதாகக் கற்பவருக்கு அதைச் சொல்லித்தராமல் இருப்பதே நல்லது என்பேன்.

‘ரெஸ்டோர்’ கட்டளையோடு ‘பேட்ச்’ என்ற ஆப்ஷனைச் சேருங்கள். மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வொன்றையும் என்ன செய்வது என்று கேட்கும். ‘ஒய்’ அடித்தால் அந்தத் துண்டு போய்விடும். ‘என்’ அடித்தால் இருக்கும். ‘எஸ்’ அடித்தால், முடிந்தவரை, பெரிய துண்டு சிறிதாக உடையும். அரிசியைக் கொட்டாமல் கல்லை மட்டும் பொறுக்கலாம். ஆனால் அடுத்துப் பதிய வேண்டிய மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கும் ‘ஆட்’ கட்டளையில் இதே ‘ஒய்’க்கு ‘எடுத்துக்கொள்’ என்று பொருள், இங்கே ‘தூக்கிப் போடு’. பழகிய விரல்தான் இங்கே எதிரி.

ஏற்கெனவே கமிட் செய்துவிட்ட, அதாவது வரலாற்றில் பதிந்துவிட்ட, மாற்றம் என்றால் ‘ரிவர்ட்’ இருக்கிறது. அது வரலாற்றை அழிக்காது. எதிர்த்திசையில் புதிய கமிட் ஒன்றைச் சேர்க்கும். ஆனால் கமிட் முழுவதையும் திருப்பும். ஒரு கோப்பு மட்டும் போதுமென்றால், அந்தக் கமிட்டுக்கு முந்தைய நிலையைச் சுட்டி ‘ரெஸ்டோர்’ செய்யலாம். அப்படிச் செய்தால் அந்தக் கோப்பில் பிறகு நடந்த நல்ல திருத்தங்களும் சேர்ந்தே போகும். பார்த்துச் செய்ய வேண்டும்.

உண்மையான ஆபத்து கமிட்டும் செய்யாத, ‘ஆட்’டும் செய்யாத வரிகளுக்குத்தான். கிட் அவற்றை எங்கும் எழுதி வைக்கவில்லை. கமிட்டுகளின் நடமாட்டத்தைக் குறித்து வைக்கும் ‘ரெஃப்லாக்’கிலும் கிடைக்காது. அதனால் எதையும் தூக்கிப் போடுமுன் ‘கிட் டிஃப்’ காட்டுவதை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். தேவைப்பட்டால் ‘கிட் அப்ளை’ கொண்டு திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.